தார்ப்பாய் இறக்கும் நாள்

ஊரில் எல்லோருக்கும் வருஷம் ஒரே நாளில் முடியும், ஒரே நாளில் பிறக்கும். தார்ப்பாய்க்காரர் வீட்டில் மட்டும் அந்த வழக்கம் கிடையாது. மழை எப்போது விடுகிறதோ அப்போதுதான் அவர்களுக்கு வருஷம் முடியும். பட்டறை முற்றத்துக்கு மேலே கட்டியிருக்கும் பெரிய நீலத் தார்ப்பாயை என்றைக்கு இறக்குகிறார்களோ, அன்றைக்குத்தான் கணக்கு நோட்டை மூடுவார்கள்.

முப்பதடிக்கு இருபதடி அந்தத் தார்ப்பாய். மழைக்காலம் முழுக்க அதன் கீழேதான் வேலை. ஓடு ஒழுகுகிறவர்கள், சரக்கு லாரிக்காரர்கள், செங்கல் அடுக்கி வைத்தவர்கள் என்று தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வருவார்கள். அளவு சொன்னால் அங்கேயே வெட்டி, ஓரம் மடித்து, கயிறு கோத்துத் தைத்து, பித்தளை வளையம் அடித்துக் கையில் கொடுத்துவிடுவார்கள். கடைசி மழை பெய்து, தொடர்ந்து ஒரு வாரம் வெயில் காய்ந்து, இனி இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது என்று தார்ப்பாய்க்காரருக்குத் தோன்றினால், அவரும் மனைவியும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து அதை இறக்குவார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, காயவைத்து, மடித்துப் பரணில் ஏற்றுவார்கள். பிறகு அவர் கை கழுவிக்கொண்டு வந்து நோட்டில் ஒரு கோடு போட்டு மூடுவார். அன்றைக்கு ஆளுக்கு இரண்டு முட்டை உண்டு.

ஏழு வருஷத்துக்கு முன்னால், வரி அலுவலகத்தில் முதன்முதலாகப் பெயர் பதியப் போனபோது, எழுத்தர் கேட்டாராம், உங்கள் கணக்கு வருஷம் எப்போது முடிகிறது, எல்லோரையும் போல டிசம்பர் என்று போட்டுவிடவா என்று. இவருக்கு அன்றைக்கு என்ன ராசியோ, டிசம்பரில் எங்களுக்கு என்ன முடிகிறது, மழை முடிந்தால்தான் எங்களுக்கு முடியும் என்று சொல்லியிருக்கிறார். மழை என்று ஒரு மாதம் படிவத்தில் இல்லையே என்று எழுத்தர் சிரித்துவிட்டு, அக்டோபர் முப்பத்தொன்று என்று எழுதினார். வருஷம் முடிந்ததற்கு அடுத்த மாதத்திலிருந்து எண்ணி நாலாவது மாதம் பதினைந்தாம் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். ஊருக்கெல்லாம் ஏப்ரல் பதினைந்து, உங்களுக்கு மட்டும் பிப்ரவரி பதினைந்து என்று விரல் விட்டு எண்ணிக் காட்டியும் அனுப்பினார்.

ஆறு வருஷம் மழையும் படிவமும் சண்டை சச்சரவு இல்லாமல் ஒன்றாகப் போயின. அக்டோபர் நடுவில் மழை நிற்கும், மாதக் கடைசியில் தார்ப்பாய் இறங்கும், அதிலிருந்து நாலாவது மாதம் இவர் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். நாளாவட்டத்தில் அக்டோபர் முப்பத்தொன்று என்பது அவருக்கு மறந்தே போயிற்று. தார்ப்பாய் இறங்கிய மாதத்திலிருந்து நாலு என்பதுதான் மனதில் நின்றது. போன வருஷம் மழைக்கு என்ன கோபமோ, நவம்பர் நடுவரைக்கும் போகமாட்டேன் என்று பிடிவாதம் பிடித்தது. தார்ப்பாயை இறக்கியது நவம்பர் இருபதாம் தேதி. வியாபாரம் பிய்த்துக்கொண்டு போன சந்தோஷத்தில் அன்றைக்கு ஆளுக்கு மூன்று முட்டை. நாலு மாதம் எண்ணி, இந்தத் தடவை மார்ச் பதினைந்து என்று அவர் சொன்னார். அவர் மனைவியும் சரி என்று தலையாட்டினாள்.

அவர் மனைவியைத் தெருவில் எல்லோரும் ஓட்டை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தார்ப்பாயில் ஓட்டை போட்டு வளையம் அடிப்பது அவள் வேலை. மரக்கட்டை மேல் துணியை வைத்து, உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரே போடு. பதினெட்டு வருஷத்தில் ஒரு வளையம்கூட அவள் தப்பாக அடித்துவிட்டுப் பிடுங்கியது கிடையாது. கூப்பிடுகிறவர்கள் கேலியாகத்தான் ஆரம்பித்தார்கள். இப்போது அதில் கேலி போய் மரியாதை வந்துவிட்டது.

பிப்ரவரி பதினாலாம் தேதி, சனிக்கிழமை மத்தியானம், மகளின் பள்ளிச் சான்றிதழை நகல் எடுக்க அவள் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடையில் கூட்டம் இல்லை. ஜெராக்ஸ்காரர் காகிதத்தைக் கண்ணாடி மேல் வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"என்னக்கா, இந்தத் தடவை அண்ணன் வேற கடைக்குப் போயிட்டாரா?"

"எதுக்குத் தம்பி?"

"வரிக் காகிதத்துக்குத்தான். மத்தவங்க எல்லாம் ஏப்ரல்ல வந்து முட்டி மோதுவாங்க. அண்ணன் மட்டும் பிப்ரவரி பத்துக்கெல்லாம் வந்து காத்தாட நின்னு எடுத்துட்டுப் போவாரு. நாளைக்குப் பதினஞ்சு. ஆளைக் காணோமேன்னு கேட்டேன்."

அவள் சிரித்தாள். இந்த வருஷம் தங்களுக்கு மார்ச் என்று சொன்னாள். ஜெராக்ஸ்காரர் சிரிக்கவில்லை.

"மார்ச்சா? அது எப்படிக்கா வருஷத்துக்கு வருஷம் மாறும்?"

அது எப்படி மாறும் என்று அவளும் அப்போதுதான் முதல் தடவையாக யோசித்தாள். அவர் கல்லாவுக்குக் கீழே குனிந்து, கோணலாக விழுந்த நகல்களைக் குறிப்பெழுதுவதற்காக நூல் கோத்து வைத்திருந்த கட்டை எடுத்துப் புரட்டினார். நடுவில் ஒரு தாளைப் பிரித்துக் காட்டினார். போன வருஷம் கணவர் கொண்டுவந்த படிவத்தின் முதல் பக்கம்தான் அது, பாதி கறுப்பாக விழுந்திருந்தது. மேலே கட்டத்துக்குள் தெளிவாக இருந்தது. கணக்கு வருஷம் முடியும் நாள், அக்டோபர் 31. அதில் மழையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நகலுக்குக் காசு கொடுத்தாளா, மீதி வாங்கினாளா என்று எதுவும் அவளுக்கு நினைவில்லை. மகளின் சான்றிதழைக் கண்ணாடி மேலேயே விட்டுவிட்டு நடந்தாள். ஜெராக்ஸ்காரர் பின்னால் ஓடி வந்து கொடுத்தார்.

பயப்படுவதற்குக் காரணம் இருந்தது. பட்டறையின் முக்கால்வாசி வேலை தானியக் கிடங்கிலிருந்து வருவது. மூட்டை அடுக்குகளை மூடும் தார்ப்பாய்கள். கிடங்கின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டுமென்றால், கெடுவுக்குள் கணக்குத் தாக்கல் செய்ததற்கான முத்திரைத் தாளை ஒவ்வொரு வருஷமும் காட்ட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் மூன்று வருஷத்துக்குப் பெயரை அடித்துவிடுவார்கள். பக்கத்துத் தெருக் கயிற்றுக்காரருக்கு அதுதான் நடந்தது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று இரண்டு நாள் பிந்திப் போனார். இப்போது கடையை மூடிவிட்டு, கயிறு விற்ற அதே கிடங்கில் மூட்டை தூக்குகிறார். எதிரே பார்த்தால் தலையைக் குனிந்துகொண்டு போவார். அந்தக் குனிந்த தலைதான் வழியெல்லாம் அவள் கண் முன்னால் நின்றது.

தார்ப்பாய்க்காரர் தரையில் மண்டியிட்டு, சாக்கட்டியால் கோடு இழுத்து, பெரிய கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தார். துணி கிழிபடும் சத்தம் ஒரே சீராக வந்தது. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, வெட்டி முடிக்கும்வரை காத்திருந்தாள். நடுவில் சொன்னால் கோடு கோணிவிடும் என்று அந்த நேரத்திலும் தோன்றியது.

"ஏங்க, நம்ம கெடு மார்ச் இல்லீங்க. நாளைக்கு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் அவளுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். தார்ப்பாய் இறக்கியது இருபதாம் தேதி, டிசம்பர் ஒன்று, ஜனவரி இரண்டு என்று விரல் மடக்கினார். அவள் ஜெராக்ஸ்காரர் காட்டிய தாளைச் சொன்னாள். மூன்றாவது விரலில் அவர் நின்றுவிட்டார்.

"மழை நின்னது நவம்பர்லதானே?" என்று கேட்டார், அவள்தான் மழையை நிறுத்தினவள் போல.

"மழை நவம்பர்லதாங்க நின்னுது. காகிதத்துல அக்டோபர்னுதானே போட்டிருக்கு. அது மழைக்காக நிக்கல."

சூறைக்காற்றில் மூன்றாவது மாடிக் கூரையில் ஏறி நின்று கயிறு கட்டுகிற மனிதர் அவர். கீழே நிற்கிறவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள், அவர் பீடி கேட்பார். அந்த மனிதர் இப்போது கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, வெட்டிய துணியின் மேலேயே உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டார். முடிஞ்சுது, முடிஞ்சுது என்று இரண்டு தடவை சொன்னார். அவரை அப்படிப் பார்த்ததில்தான் அவளுக்குப் பயம் இரட்டிப்பானது. அதுவரைக்கும் அவர் ஏதாவது வழி சொல்வார் என்று நம்பிக்கொண்டுதான் வந்திருந்தாள்.

வேறு வழியில்லாமல் நாத்தனாருக்கு ஆள் அனுப்பினாள். கணவரின் தங்கை இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள், மருந்துக் கடையில் பில் போடுகிறவள். வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். வந்ததும் விஷயத்தைக் கேட்டுவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"அண்ணா, ஊர்ல எல்லாரும் ஒரு வழியில போனா நீ மட்டும் தனி வழி. உன் கல்யாணத்துக்கே மாப்பிள்ளை ஊர்வலம் போன பிறகுதான் நீ குளிச்சிட்டு வந்த. அண்ணி, நோட்டை எடுங்க. அழறதெல்லாம் அப்புறம் வெச்சுக்கலாம்."

நோட்டைப் பிரித்ததும்தான் முழு வினையும் தெரிந்தது. நவம்பர் முதல் இருபது நாள் விற்பனையும் பழைய வருஷத்தோடு கலந்து கிடந்தது. மழை கொட்டிய அந்த நாட்களில்தான் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். அவை எல்லாவற்றையும் பிரித்து எடுத்து, அக்டோபர் முப்பத்தொன்றோடு கூட்டலை நிறுத்தி, படிவத்தில் ஏற்ற வேண்டும். நாத்தனார் கூட்ட, அவள் ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்ட ரசீதை எடுத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்றே, அலுவலகம் இருக்குமா என்று நாத்தனார் கேட்டாள். கெடு நாள் என்றால் ஞாயிறானாலும் திறந்துதான் வைப்பார்கள் என்று அவர் அடித்துச் சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏப்ரல் பதினைந்து ஞாயிற்றுக்கிழமையாக வந்தபோது, அலுவலக வாசலில் ஜனங்களுக்கு நிழலுக்காகத் தார்ப்பாய் கட்டியதே அவர்தான்.

அக்டோபர் மாத நூல்காரர் ரசீதுகள் மட்டும் அகப்படவில்லை. பரணில் பார்க்கிறேன் என்று அவள் ஏணி போட்டு ஏறினாள். ரசீதுக் கட்டு தகரப் பெட்டிக்குப் பின்னால் இருந்தது. அதை இழுக்கும்போது மடித்து வைத்த நீலத் தார்ப்பாய் கொஞ்சம் சரிந்தது. அதன் மடிப்புக்குள்ளே ஒரு பழுப்பு உறையின் முனை தெரிந்தது.

வரி அலுவலக உறை. பிரிக்கவில்லை. அஞ்சல் முத்திரையில் ஜனவரி இருபத்திரண்டு.

ஏணியின் மேல் அவள் அப்படியே நின்றாள். அந்த மடிப்பில் உறை தானாகப் போய் நுழையாது. அடுத்த மழை வரும்வரை யாரும் அந்தத் தார்ப்பாயைத் தொடமாட்டார்கள் என்று தெரிந்தவர்தான் வைத்திருக்க முடியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல ஒரு பழுப்பு உறை வந்தபோது, ஜெயில்தான் என்று நினைத்து அவர் ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாமல் கிடந்தது அவளுக்கு நினைவு வந்தது. கடைசியில் ஒரு பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பயம் அந்த வாரத்தோடு போகவில்லை போலிருக்கிறது.

கோபம் வந்தது. கீழே இறங்கி, அவர் முகத்துக்கு நேராக உறையை நீட்டி, இது என்ன என்று கேட்க வேண்டும் என்று நினைத்தாள். இனி உங்கள் கணக்கை ஏற்கமாட்டோம் என்று உள்ளே எழுதியிருந்தால்? இப்போது பிரித்துப் படித்துவிட்டால், அதற்குப் பிறகு ஒரு ரசீதைக்கூட எடுத்து அடுக்க அவள் கை வராது. உறையை மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டு, ரசீதுக் கட்டோடு கீழே இறங்கினாள்.

"கிடைச்சுதா அண்ணி?" என்று நாத்தனார் கேட்டாள்.

"கிடைச்சுது," என்றாள்.

விளக்கேற்றும் நேரத்துக்கெல்லாம் படிவம் முடிந்துவிட்டது. நாத்தனார் கையை உதறிக்கொண்டு, இனிமேல் தலைவலி மாத்திரைக்கு என்னிடம் பாதி விலைதான், இந்த வீட்டுக்கு நிறையத் தேவைப்படும் என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் சோற்றைப் போட்டு வைத்தாள். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்துவிட்டார். அவளாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வானம் மூடிக்கொண்டிருந்தது. இந்த மாதத்தில் மழையா என்று அவர் அண்ணாந்து பார்த்தார். மழை அவரை விட்டபாடில்லை. காகிதங்களை மீந்த நீலத்துணியில் சுற்றி, கயிறு போட்டு, கிடங்குக்கு அனுப்பும் சரக்கைப் போல இறுக்கிக் கட்டினார். பேருந்தில் ஒரு மணி நேரப் பயணம். கட்டை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் முந்தானைக்குள் உறை குத்திக்கொண்டே வந்தது. பக்கத்தில் இருந்த பெண், மாமியார் வீட்டுக்குப் போகிறீர்களா, இரண்டு பேரும் இப்படிப் பயந்துகொண்டு வருகிறீர்களே என்று கேட்டாள்.

அலுவலக வாசலில் ஜனம் இல்லை. தார்ப்பாய் இல்லை. இரும்புக் கதவில் பெரிய பூட்டுத் தொங்கியது.

தார்ப்பாய்க்காரர் கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். பூட்டையும் இழுத்துப் பார்த்தார். ஏப்ரலில் ஊரே திரண்டு வரும், அப்போது ஞாயிறானாலும் திறப்பார்கள். பிப்ரவரியில் கணக்கு முடிக்கிற நாலைந்து பேருக்காக யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்பது பூட்டைப் பார்த்தபிறகுதான் அவருக்கு உறைத்தது. சுவரோரமாகப் போய் உட்கார்ந்தார். மடியில் கட்டு இருந்தது.

"கயிற்றுக்காரன் அன்னிக்கு என்கிட்ட வந்து அழுதான்," என்றார். "ரெண்டு நாள்தானேடா, முன்னாடியே போறதுக்கு என்னடான்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டே கேட்டேன்."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். மகளின் படிப்பு, பட்டறை வாடகை, தைக்கிற இரண்டு ஆள் என்று ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எல்லாவற்றையும் நினைத்து முடித்த பிறகு, பயப்படுவதற்கு இனிப் புதிதாக எதுவும் மிச்சமில்லை என்று தோன்றியது. முந்தானையிலிருந்து உறையை எடுத்து இருவருக்கும் நடுவில் தரையில் வைத்தாள்.

அவர் அதைப் பார்த்தார். எங்கே இருந்தது என்று கேட்கவில்லை.

"மூணு வாரமாச்சு," என்றாள்.

"தெரியும்."

"ஏன் பிரிக்கல?"

"பயமா இருந்துச்சு." மடியிலிருந்த கட்டின் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "உன்கிட்ட சொல்லவும் பயமா இருந்துச்சு. நீ என்னைத் தைரியசாலின்னு எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுத் திரியற," என்றார்.

திட்டுவதற்கு நேற்றிலிருந்து அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஏராளம். ஆனால் அவர் மேல் இரக்கம்தான் வந்தது, தன் மேலும் வந்தது.

"நான் நேத்து சாயங்காலம் எடுத்தேன்," என்றாள். "நானும் பிரிக்கல. ராத்திரி பூரா முந்தானையில வெச்சுக்கிட்டே படுத்திருந்தேன்."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் உறையை எடுத்து ஓரத்தைக் கிழித்தாள். அவசரத்தில் உள்ளே இருந்த தாளும் கொஞ்சம் கிழிந்தது. ஒரே ஒரு தாள்தான். எழுத்துகள் கண்ணுக்குள் நிற்காமல் ஓடின. அவள் அதை அவர் பக்கம் நீட்டினாள், அவர் அவள் பக்கமே தள்ளினார். உள்ளேயிருந்து இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி கம்பிக்குள் கையை விட்டு, கொடுங்கம்மா என்று வாங்கிக்கொண்டார். மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டு, பள்ளிப் பிள்ளை போல ராகம் போட்டு வாசித்தார்.

"அக்டோபர் முப்பத்தொன்றுடன் முடியும் கணக்கு வருஷத்தைப் பின்பற்றும் தங்களுக்கு நினைவூட்டல். தாங்கள் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள் பிப்ரவரி பதினைந்து. அந்த நாள் விடுமுறை நாளாக வருவதால், அடுத்த வேலை நாளான பிப்ரவரி பதினாறு, திங்கட்கிழமை, அலுவலகம் மூடும் நேரத்துக்குள் தாக்கல் செய்யப்படும் கணக்கு, உரிய காலத்தில் தாக்கல் செய்ததாகவே கொள்ளப்படும்." நிமிர்ந்தார். "அவ்வளவுதான் இருக்கு. இதுக்கா ரெண்டு பேரும் இழவு வீட்ல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கீங்க?"

தார்ப்பாய்க்காரர் இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். காவலாளி வாசித்தார். மூன்றாம் தடவையும் கேட்டபோது, தாளை மடித்து வெளியே நீட்டிவிட்டார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். மூன்று வாரமாக அந்த நல்ல சேதி பரணில் மடிப்புக்குள் இருந்திருக்கிறது, ஒரு நாள் முழுக்க அவள் இடுப்பிலேயே இருந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க அழுகை கூடியது.

திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே இருவரும் வாசலில் நின்றார்கள். ஏழு வருஷத்துக்கு முன்னால் பெயர் பதிந்த அதே எழுத்தர், தலை நரைத்து, கட்டைப் பிரித்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார். அவர் ஒரு பக்கத்தில் விரலை வைத்து நிறுத்தியபோதெல்லாம் இவள் மேசைக்கு மேலே எட்டிப் பார்த்தாள். கடைசியில் முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். பிப்ரவரி பதினாறு, உரிய காலத்தில். இவ்வளவு கஷ்டம் எதற்கு, எல்லோரையும் போல டிசம்பருக்கு மாற்றிக்கொள்ள விண்ணப்பம் தரட்டுமா என்று கேட்டார். தார்ப்பாய்க்காரர் மனைவியைப் பார்த்தார்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "எங்க வருஷம் மழையோட முடியறதுதான் சரி. நாங்கதான் இனிமே காகிதத்தைப் பிரிச்சுப் பார்க்கணும்."

முத்திரைத் தாள் கிடங்குக்குப் போனது. பட்டியலில் பெயர் நின்றது. நினைவூட்டல் கடிதத்தை மட்டும் அவள் யாரிடமும் கொடுக்கவில்லை. கிழிந்த மூலைக்கு ஒட்டுப் போட்டு, மேலே ஒரு பித்தளை வளையம் அடித்து, வெட்டுப் பலகைக்கு நேர் எதிரே ஆணியில் மாட்டினாள். வந்தவர்கள் ஏதோ பரிசுப் பத்திரம் என்று நினைத்தார்கள்.

அந்த வருஷமும் மழை பிடித்துக்கொண்டது. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி மத்தியானம் முற்றத்தில் காதடைக்கும் சத்தம். நீலத் தார்ப்பாயின் நடுவில் தண்ணீர் தேங்கித் தொங்கியது, கம்பால் குத்தித் தள்ளத் தள்ள நிறைந்தது. தார்ப்பாய்க்காரர் ஆணியில் தொங்கிய கடிதத்தைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடியும் கடிதத்தைப் பார்த்தார். காலையிலிருந்தே அவர் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்ததை அவள் கவனித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"நோட்டை மூடிடலாம்," என்றார். "ஆனா தார்ப்பாய் மேல இருக்கும்போது மூடினா, எனக்குள்ள மூடின மாதிரியே இருக்காது. அடுத்த வருஷம் மறுபடி எங்கேயாவது போய் மாட்டிக்குவேன்."

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழைக்குள் இறங்கினாள்.

"வாங்க, இறக்கலாம்."

"இந்த மழையிலயா?"

"நாலு முடிச்சுதானே. பிடிங்க."

ஆளுக்கு இரண்டு முனை. கயிறு நனைந்து முடிச்சுகள் இறுகிக் கிடந்தன, பல்லால் கடித்து அவிழ்த்தார். கடைசி முடிச்சு விட்டதும் தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் இருவர் தலையிலும் விழுந்தது. தைக்கிற ஆட்கள் இரண்டு பேரும் தையல் இயந்திரங்களைச் சுவரோரம் இழுத்து மூடிவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். அந்த நேரம் பார்த்துக் குடையோடு வந்த நாத்தனார், இந்த வீட்டுக்கு மாத்திரை போதாது என்று வாசலிலிருந்தே சொன்னாள். கொட்டுகிற மழையில் அவர்கள் அந்த முப்பதடித் தார்ப்பாயை முனையோடு முனை சேர்த்து ஒரு மடிப்பு மடித்தார்கள். அவர் ஓடிப்போய், சொட்டச் சொட்டக் கையைத் துடைத்து, நோட்டில் கோடு போட்டு மூடிவிட்டு வந்தார்.

அவர் உடம்பு வெடவெடவென்று நடுங்கியது.

"குளிரா, பயமா?" என்று கேட்டாள்.

"ரெண்டும்," என்றார். ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்கும்தான்," என்றாள் அவள். பிறகு தன் பக்கத்து முனைகளைத் தூக்கிப் பிடித்தாள். "சரி, கட்டுங்க. வருஷம் பிறந்துடுச்சு, எல்லாம் நனையுது."